சாது

பிப்ரவரியில் தயிர்க் கிண்ணங்களில் விதைத்தேன்,
வெந்நீர்க் குழாய் ஓடும் சுவரோரம்.
வெளியே டான்யூப் மேல் மூடுபனி;
அக்கரையில் ருமேனியா இருக்கிறதா என்பதே சந்தேகம்.
பன்னிரண்டாம் நாள் ஒரு வெள்ளைக் கழுத்து
மண்ணை முட்டிக்கொண்டு வந்தது,
விதைத்தோலைக் கழற்ற மறந்த தொப்பிபோல் சுமந்தபடி.

கப்யா என்று பெயர்.
நீண்டு, தட்டையாகி, நுனி ஒருபக்கம் வளையும்.
பழுத்தால் தீயணைப்பு வண்டிச் சிவப்பு.
மிளகாய்க் குலத்தில் பிறந்து
யாரிடமும் சுடுசொல் பேசாத ஒன்று.
அதனால்தான் பிடித்துப்போனது.
மாதம் பிறந்ததும் மின்மானி பார்க்க வருபவளை
ருசே நகரத்தில் யாரும்
வாசலில் நின்று வாழ்த்துவதில்லை.

மே கடைசியில் பால்கனிக்குக் குடிபெயர்ப்பு.
பாலாடைக்கட்டி வந்த வாளிகள் ஆறு,
ஆணியைக் காய்ச்சி அடியில் போட்ட துளைகள்.
முதல் பூவைக் கிள்ளிவிட வேண்டும் என்பார்கள்.
மனசே வரவில்லை.
கிள்ளினேன்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம்
காமென் துஷ்கோவ்.
அவர் வளர்ப்பது ஷிப்கா:
சுண்டுவிரல் நுனி அளவு,
வானத்தைப் பார்த்து நிற்கும் கோபம்.
இரண்டு வருடம் முன்பு
என் சுஷ்கோபெக்கின் புகை
தன் வெள்ளைச் சட்டைகளில் ஏறிவிட்டதென்று
குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து சொன்னவர்.
சட்டைகளைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.
ஆளாளுக்கு முகர்ந்து பார்த்தார்கள்.
நான்காம் மாடி ரத்கா மட்டும்
"பசிக்கிறது" என்றாள்.
அன்றோடு பேச்சு நின்றது.

சுஷ்கோபெக் பெரிய விஷயமில்லை.
மிளகாய் சுடுவதற்கென்றே ஒரு மின்சாரக் கிணறு.
ஒரு தடவைக்கு ஒரு காய், மேலே மூடி,
மூன்று நிமிஷம்.
செப்டம்பரில் எந்த வீட்டில் எத்தனை கிலோ சுட்டார்கள் என்று
மானியை வைத்தே சொல்வேன்.
கருகிக் கொப்புளித்த காய்களைப்
பானையில் போட்டு, உப்புத் தூவி மூடிவைத்தால்
தன் வேர்வையில் தானே அவிந்து
சட்டை கழற்றுவதுபோல் தோல் கழன்றுவரும்.
குழாயடியில் காட்டி உரிப்பவர்களும் உண்டு.
அவர்களிடம் பேசி என்ன ஆகப்போகிறது.

பூண்டு, வினிகர், கொஞ்சம் பார்ஸ்லி.
தங்கையும் அவள் கணவன் லாச்செசாரும் வந்திருந்தார்கள்.
முதல் விள்ளலில் அவன் மௌனமானான்.
இரண்டாவதில் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தான்.
சாது மிரண்டால் காடு கொள்ளாதாம்;
ஒன்றரை அறை வீடு எம்மாத்திரம்?
தங்கைக்கு விக்கல்.
எனக்குக் காதுமடல் வரைக்கும் எரிந்தது,
ஆனாலும் ரொட்டியால் தட்டைத் துடைத்துத் தின்றேன்.

ராத்திரி படுத்தபின்தான் உறைத்தது.
கடையில் வாங்கியதல்ல அந்த விதை.
போன வருடம் நல்ல காயாகப் பார்த்து
நானே எடுத்து வைத்தது.
போன ஜூனில் ஏதோ ஒரு தேனீ
கால் நிறைய மஞ்சள் பூசிக்கொண்டு
தடுப்பின் மேலாக வந்துபோயிருக்கிறது.
குடியிருப்போர் கூட்டத்தின் தீர்மானங்களை
அது படித்திருக்காது.

அடுத்த வாரம் லிஃப்டில் துஷ்கோவ்.
என்னிடமல்ல, கண்ணாடியிடம் சொன்னார்:
"ஷிப்காவுக்கு என்ன வந்ததோ.
பெருத்துவிட்டது. கடித்தால் பாதி காரம்கூட இல்லை."
நான்கு.
ஐந்து.
"உரம் அதிகமாகியிருக்கும்" என்றேன்.
இரண்டு வருடத்தில் அவரிடம் பேசிய முதல் வார்த்தை,
அதுவும் பொய்.
"இருக்கும்" என்றார்.
கதவு திறந்ததும் எனக்கு வழிவிட்டார்.

இன்று மறுபடி விதை எடுத்தேன்,
அந்தக் காரக் காயிலிருந்தே.
காகிதத்தில் மடித்தபின்
மேலே என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
கப்யா என்றால் பொய். ஷிப்காவும் இல்லை.
கடைசியில் "ஏழாம் மாடி" என்று எழுதி
இழுப்பறையில் போட்டேன்.
பிறகு, கை கழுவ மறந்து,
கண்ணைத் தேய்த்துவிட்டேன்.